சகலையின் பேரிக்காயும் என் கொய்யாவும்

எனக்கும் என் சகலைக்கும் எந்தச் சண்டையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். என்னைவிடச் சில வயது இளையவர், மரியாதையாக 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். தலையில் முடி அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் பல வருடம் இருந்துவிட்டு, போன வருடம் மனைவியோடு பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்து, ஊருக்கு வெளியே புது வீடு கட்டிக் குடியேறினார். அவர் வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மாத்திரைக்கு அடங்குகிற வகை அல்ல. எனக்குப் பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

அவரிடம் பணம் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊருக்கு நல்லவர் என்று பெயர் வாங்கியதில்கூட இல்லை. மனிதர் சமைக்கிறார். அதுதான் பிரச்சினை. எங்கள் ஊர் ஆண்கள் பண்டிகைக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரையே கூப்பிட்டுக் கறி வதக்குவார்களே, அந்த மாதிரி இல்லை. சத்தமில்லாமல் மாவு பிசைகிறார். அப்பம் சுடுகிறார். அவர் வீட்டு ஓவனிலிருந்து விதவிதமாக ஏதேதோ வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, என் மனைவி சோற்றுப் பானையைக் கொஞ்சம் சத்தமாக இறக்கி வைப்பாள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தச் சத்தம் சொல்லும்.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் தாமிரபரணி வாய்க்கால்களின் மதகுகளைப் பார்த்துக்கொண்டவன். எந்த மதகில் எவ்வளவு கசிகிறது என்று கரையில் நடந்துகொண்டே சொல்லிவிடுவேன். ஆனால் என் வீட்டு அடுக்களையில் சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். இத்தனை வருடமும் இது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. யாரும் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுக் காட்டாத வரையில் எல்லோரும் நல்ல கணவர்கள்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. என் மனைவியைத்தான் முதலில் சகலைக்குக் கேட்டார்கள். பெண் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளை வெளிநாடு போகப் போகிறார் என்று தெரிந்தது. பள்ளிக்கூட வேலை கையில் இருக்கிற பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப முடியாது என்று என் மாமனார் சொல்லிவிட்டார். நர்சிங் முடித்திருந்த இளையவளை அவருக்குப் பேசினார். மூத்தவளுக்கு உள்ளூரிலேயே அவசரமாக ஒரு மாப்பிள்ளை தேடினார். அகப்பட்டவன் நான். இரண்டு கல்யாணமும் அடுத்தடுத்து நடந்தன. ஆக, என் மனைவி என்னைப் பார்த்து ஆசைப்பட்டு வரவில்லை. ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்காக வந்தாள். அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த வரையில் இதை நான் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது ஊர் எல்லையிலேயே உட்கார்ந்துகொண்டு அப்பம் சுடுகிறார். அவளுக்கு உள்ளுக்குள் வருத்தம் இருக்குமோ? முப்பது வருடமாக நான் இதைக் கேட்டதில்லை. பதில் 'ஆமாம்' என்று வந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எங்கள் கிறிஸ்தவச் சபையில் அறுப்பின் பண்டிகை ஐப்பசியில் வரும். ஆராதனை முடிந்ததும் கோவில் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் ஏலம் நடக்கும். அவரவர் வீட்டிலும் வயலிலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், முட்டை, தேங்காய் என்று வரிசையாக இருக்கும். சபை உபதேசியார் ஒரு மேசைமேல் ஏறி நின்று ஏலம் விடுவார். சந்தையில் கிடைக்கிற சாமான்தான், ஆனாலும் இங்கே வீம்புக்கு விலை ஏறும். எதிர்வீட்டுக்காரன் கேட்ட பூசணிக்காயை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது. கோவிலுக்குத்தானே போகிறது என்ற சமாதானம் வேறு.

இந்த வருடம் ஒரு பெட்டி நிறையக் கொய்யாப்பழம் மேசைக்கு வந்தது.

"அம்பாசமுத்திரத்துத் தோட்டத்துக் கொய்யா! காம்பு இன்னும் காயல. யாரு கேக்கிய?" என்றார் உபதேசியார்.

என் சகலை கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற தன் மனைவியிடம், "செவ்வாக்கிழம ராத்திரிச் சாப்பாட்டுக்கு இது சரியா இருக்கும். சீஸ் வச்சு ஒரு டார்ட் செஞ்சிருவோம்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்களும் மதினியும் கட்டாயம் வந்திரணும்" என்றார்.

"டார்ட்டுன்னா?" என்று என் மனைவி கேட்டாள்.

"மாவுல ஒரு தட்டு மாதிரி செஞ்சு, அதுக்குள்ள பழம், சீஸ், வெங்காயம், மிளகு எல்லாம் வச்சுச் சுடுதது மதினி. இனிப்பு இல்ல, உறைப்பு. அங்க இப்ப இலை உதிருத காலம். இந்த மாசம் வந்தாலே வீட்டுக்கு வீடு இதான்."

என் மனைவி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் எங்கள் ஊரில் என்ன உதிரும்? முருங்கைப்பூ உதிரும். சுவரில் பூசின காரை உதிரும். அதற்காக யாரும் விருந்து வைப்பதில்லை. என் கை தானாகவே மேலே போயிற்று.

அவர் கேட்டார், நான் ஏற்றினேன். அவர் மறுபடி ஏற்றினார், நானும் விடவில்லை. கூட்டம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "என்னவே, கொய்யாவுக்குள்ள தங்கமா இருக்கு?" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் சகலை சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. நான் பேரிக்காய் வச்சுச் செஞ்சுக்கிடுதேன்." தோற்றவன் இப்படிச் சிரிக்கக் கூடாது. ஜெயித்தவனுக்கு அதில் என்ன சந்தோஷம் மிச்சம் இருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பெட்டியைப் பார்த்தாள். "உங்களுக்குக் கொய்யா தின்னா தொண்ட கட்டுமே. எதுக்கு இம்புட்டு?" என்றாள். "வீட்ல கெடக்கட்டும்" என்றேன். அவள் பெட்டியை அடுக்களை மூலைக்குத் தள்ளினாள். முகத்தில் ஏதோ ஓடியது.

அன்று மத்தியானமே மொட்டைமாடிக்குப் போய்க் கைபேசியில் டார்ட் செய்வது எப்படி என்று பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே செய்தாள். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் உதிர்த்தாள். தண்ணீர் தெளித்துச் சேர்த்தாள். உருட்டித் தட்டில் விரித்தாள். பிறகு ஒன்று செய்தாள், அங்கேதான் எனக்கு இடித்தது. பழம் வைக்காமல் வெறும் மாவை ஒரு தடவை சுட்டு எடுத்தாள். அதற்குப் பிறகுதான் பழத்தையும் சீஸையும் வைத்து மறுபடி சுட்டாள். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. எங்கள் பகுதியில் யாருக்கும் அது பெரிய குறை இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டிலேயே கேக் மாவை அடித்துத் தகரத்தில் ஊற்றி, பேக்கரியில் கொண்டு கொடுப்போம். விறகு அடுப்பில் ரொட்டி எடுத்த பிறகு, தணிந்த சூட்டில் வைத்து எடுத்துத் தருவார்கள். ஒரே தகரத்தைக் காலையில் வெறும் மாவோடும் மத்தியானம் பழத்தோடும் தூக்கிக்கொண்டு போனால் பேக்கரி மாஸ்டர் என்ன நினைப்பார்? ஒரு தடவை சுட்டால் போதும் என்று நானே தீர்மானித்தேன். ஆயுசு முழுவதும் மேலதிகாரி சொன்னதில் பாதியை விட்டுவிட்டு வேலை செய்து பழகியவன் நான்.

திங்கட்கிழமை மேலப்பாளையம் போனேன். அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைகளில் டப்பாவில் அடைத்த சீஸ் கிடைக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "பேரப்புள்ளைகளுக்கா அண்ணாச்சி?" என்றார். "ஆமா" என்றேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. ஆனால் ஒரு வயசான மனிதன் சகலையோடு போட்டி போடுவதற்காகச் சீஸ் வாங்குகிறான் என்பதை எந்தக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட என் மனைவி, செவ்வாய்க்கிழமை காலை மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்து அடுக்களைக்குள் நுழைந்தேன். வெண்ணெய் விரலில் ஒட்டியது, மாவு வேட்டியில் ஒட்டியது. தண்ணீர் முதலில் கூடியது. அதைச் சரிக்கட்ட மாவைக் கூட்டினேன். சப்பாத்திக் கட்டையை நான் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. மாவை விரித்துக் கேக் தகரத்தில் அமுக்கினேன். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். என்னுடையது பொன்னிறத்தை எப்போது தாண்டியது என்று நான் கவனிக்கவில்லை. கொய்யாவை வட்ட வட்டமாக அரிந்து அடுக்கினேன். மேலே சீஸைத் துருவிப் போட்டு, மிளகைத் தட்டித் தூவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சகலை இதைப் பார்க்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்துக்கூடக் கொண்டேன்.

பேக்கரி மாஸ்டர் தகரத்தை வாங்கி மூடியிருந்த தாளை விலக்கப் போனார். நான் அவசரமாகத் தடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கெடக்கே. என்ன கேக்கு?"

என்னவென்று சொல்ல? உள்ளே பழமும் சீஸும் வெங்காயமும் இருக்கிறது, நானே செய்தேன், எரிகிற சூட்டில் வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் பன் வாங்க நாலு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் சபையில் எனக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர்.

"கேக்குதான்" என்றேன்.

அவர் கேக்குக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். ரொட்டி எடுத்து முடித்து, சூடு தணிந்த பிறகு உள்ளே தள்ளினார். மேல்பாகம் கருகிவிடக் கூடாது என்று தாளையும் மூடியே வைத்தார். சாயங்காலம் போய் வாங்கினபோது தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெந்திருந்தது என்பதைவிட வியர்த்திருந்தது என்று சொல்லலாம். கொய்யாவில் இருந்த தண்ணீரெல்லாம் இறங்கி அடிமாவில் ஊறியிருந்தது. சீஸ் உருகாமல் அப்படியே விறைத்துக் கிடந்தது. ஒரு காலத்தில் அம்பாசமுத்திரத்தில் வாய்க்கால் கரை கசிவை இரண்டு மணல் மூட்டையில் அடைத்தவன் நான். இந்தக் கசிவை எதை வைத்து அடைக்க?

வீட்டில் வைத்தால் அவள் பார்த்துவிடுவாள். குப்பையில் போட மனசு வரவில்லை. சகலையை ஜெயித்து வாங்கின கொய்யா அல்லவா? அதோடு உள்ளே ஒரு நப்பாசையும் இருந்தது. அவருடையது தீய்ந்து போயிருந்தால்? அப்போது என்னுடையதை மெல்ல எடுத்து வைக்கலாமே. தகரத்தைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரின் கொக்கியில் மாட்டினேன். "அதென்ன பை?" என்றாள் மனைவி. "மழைக்கோட்டு" என்றேன்.

அவருடையது தீயவில்லை.

அதைப் பற்றி எழுதவே எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மேசை நடுவே ஒரு மரப்பலகையில் இருந்தது. ஓரம் முழுக்கச் செம்பழுப்பாக முறுகி, உள்ளே பேரிக்காய்த் துண்டுகள் விசிறி போல விரிந்து, நடுவில் சீஸ் உருகிப் பளபளத்தது. கத்தியை வைத்ததும் கறுக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குச் சபையிலிருந்து வந்திருந்த இரண்டு மூன்று குடும்பமும் ஒரே குரலில் 'ஆகா' என்றது. நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். பிறகு வெறுப்பில் இன்னொரு துண்டு சாப்பிட்டேன். பேரிக்காயின் மெல்லிய இனிப்பு, வெங்காயம், பின்னால் மிளகு வந்து நாக்கில் நிற்கிறது. குறை சொல்ல ஒரு ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவருக்குக் கொஞ்சமாவது கர்வம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

"மதினி, இன்னொண்ணு வைக்கட்டா?"

"வைங்க. இந்த மாவு எப்படி இவ்வளவு முறுகலா வருது?" என்று கேட்டபடி என் மனைவி தட்டை நீட்டினாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் மதகுகளைப் பற்றிப் பேசும்போது அவள் அந்த மாதிரி கையை வைத்து ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போதுதான் மழை பிடித்தது. ஐப்பசி மழைக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. ஒரே வீச்சில் கொட்டியது. "வண்டியில மழைக்கோட்டு கெடக்குல்லா, எடுத்திட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி எழுந்தாள். நான் வாய் திறப்பதற்குள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். பையோடு வாசலுக்கு வந்து அதற்குள் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, அந்தத் தகரத்தைச் சகலையின் டார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இவுகளும் ஒண்ணு செஞ்சிருக்காக" என்றாள்.

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள், எனக்கு மட்டும் பிளந்துவிடுமா? வெட்ட முடியாததால் கரண்டியால் அள்ளி ஆளுக்குக் கொஞ்சம் வைத்தார்கள். எல்லோரும் மிகவும் மெதுவாக மென்றார்கள். "வித்தியாசமா இருக்கு" என்றார் ஒருவர். சகலை தன் தட்டில் வைத்ததை முழுவதும் சாப்பிட்டு, நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டு, "ருசி நல்லா இருக்கு அண்ணாச்சி. அடி மட்டும் கொஞ்சம் வேகணும்" என்றார். நல்ல மனசோடு சொன்னார். அதுதான் மிகவும் வலித்தது. என் கொழுந்தியாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள்.

மழை விட்டதும் கிளம்பி வந்தோம். வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் அடுக்களையில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். மிச்சமிருந்த என் டார்ட்டை அவள் துண்டு துண்டாகத் தோசைக்கல்லில் போட்டு, ஓரத்தில் எண்ணெய் விட்டு வாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத?"

"அடி வேகலல்லா? வாட்டுதேன்."

"அதத் தூரப் போடு."

"எதுக்கு?"

அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் வந்தது. "நேத்து அத்தன பேருக்கு முன்னால அத எதுக்குக் கொண்டு வச்ச? என்னயக் கேவலப்படுத்தவா?"

அவள் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டாள். "நீங்க மேசையவே பாத்துக்கிட்டு இருந்திய. அத வச்சதும் நான் என் தங்கச்சி மூஞ்சியப் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அடுக்களையில வச்சுக் கேட்டா. 'அத்தான் உனக்காகவாக்கா செஞ்சாக?'ன்னு. ஆமான்னேன்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தொடர்ந்தாள். "தெரியும். எனக்காக ஒண்ணும் செய்யல, அவருக்குப் போட்டியாத்தான் செஞ்சிய. ஏலத்துல கொய்யாவ விடாமப் புடிச்சப்பவே தெரியும். அத அவகிட்டச் சொல்லணுமாக்கும்?"

"அவ என்ன சொன்னா?"

"அவ வீட்டுக்காரரு நாலு பேரு வந்தாத்தான் அடுப்புப் பக்கம் வாராருன்னா. அவுக ரெண்டு பேரு மட்டும் இருந்தா, வச்ச ரசத்துக்குக் குறை சொல்லிக்கிட்டுச் சாப்பிடுவாராம். 'இவரு எனக்காக யாருகூடயும் ஒரு தடவகூடப் போட்டிக்கு நின்னதில்லக்கா'ன்னு பாத்திரத்தத் தேச்சுக்கிட்டே சொன்னா."

இதைக் கேட்டு எனக்கு இனித்தது. மறைப்பானேன்? ஆனால் அந்த இனிப்பு கொஞ்ச நேரம்தான் நின்றது. முப்பது வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தது அதற்குப் பின்னாலேயே தொண்டைக்கு வந்துவிட்டது.

"அவளப் பாத்து உனக்குப் பொறாமையா இருந்துச்சா?"

அவள் தோசைத் திருப்பியால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தினாள். சீஸ் இப்போதுதான் உருகத் தொடங்கியிருந்தது.

"இருந்துச்சு" என்றாள்.

இந்தப் பதிலுக்குத்தான் நான் இத்தனை வருடம் பயந்தேன். அது வந்தே விட்டது.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு கல்யாணமும் முடிஞ்ச நாள்லேருந்து."

"இப்பவும் இருக்கா?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு" என்றாள்.

பிறகு இரண்டு துண்டைத் தட்டில் எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினாள். அடி முறுகியிருந்தது. கடித்தபோது சத்தம் கேட்டது, சகலை வீட்டில் கேட்ட அளவுக்கு இல்லை. அவளும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். பல்லில் ஏதோ மாட்டி, முகத்தைச் சுளித்து விரலால் எடுத்தாள்.

"கொய்யாவுல விதைய எடுக்கணும்னு கூடவா தெரியாது உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த துண்டையும் எடுத்துக்கொண்டாள்.